சேறு எந்தக் கணக்கில்?

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்தால், ஒன்று துக்கச் செய்தியாக இருக்கும். இல்லாவிட்டால் வெளிநாட்டு நண்பனாக இருக்கும். அன்றைக்கு, நல்லவேளை, இரண்டாவது.

மதுரையில் என்னோடு பி.காம். படித்தவன். இப்போது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறான். குரலில் ஏகப்பட்ட உற்சாகம்.

“டேய், காலையிலேர்ந்து சேறு அள்ளினேன்டா. இடுப்பு விட்டுப்போச்சு!”

“என்னடா, வீட்டுல டிரெய்னேஜ் அடைச்சுக்கிச்சா?”

“வீட்டுல இல்லடா. ஒரு தோட்டத்துல. பழைய காலத்துத் தோட்டம். அதுல ஒரு குளம். குளத்துக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் பூரா மண்ணு.”

“எவ்வளவு குடுத்தாங்க?”

“ரெண்டு கப் டீ. ஒரு துண்டு கேக்கு.”

அவன் அங்கே வாலன்டியர். தமிழில் தொண்டர் என்று எழுதினால் உங்களுக்குக் கட்சிக்கொடி ஞாபகம் வரும். இவர்கள் கையில் கொடி இல்லை, மண்வெட்டி. வாரத்துக்கு ஒரு நாள் போய், குளத்தில் தூர் வாருவார்கள். வடிகாலை அடைத்திருக்கும் இலையை எடுப்பார்கள். மதகுக் கம்பியைச் சுத்தம் செய்வார்கள். நம் கோயில்களில் உழவாரப்பணி என்று ஒன்று உண்டே, கிட்டத்தட்ட அதுதான். சாமிக்குப் பதில் சரித்திரம்.

இந்த விஷயத்தை மதுரையில் இருக்கும் அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். “சாக்கடை அள்ளவாடா உன்னைச் சீமைக்கு அனுப்பிச்சேன்?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டாராம்.

அந்த அம்மாவைக் கிண்டல் செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. சாக்கடையில் யார் கை வைக்கவேண்டும் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்து பழகிய ஊர் இது. நண்பன் அள்ளுவது மனிதக் கழிவு அல்ல, மழையில் அடித்து வந்த வண்டல். அதைச் சொன்னால்கூட அம்மாவுக்குச் சமாதானம் ஆகாது. கணக்கு எழுதுகிற கை மண்வெட்டி பிடிப்பது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அந்த ஊருக்கு ஒரு கும்பிடு.

கும்பிட்டாயிற்று. இனி கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

* * *

லீட்ஸுக்கு வடக்கே ரிப்பன் என்று ஒரு சின்ன ஊர். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சென்னை மாநகராட்சி இயங்குகிறதே, அந்த வெள்ளை நிற ரிப்பன் மாளிகை, 1913-ல் திறந்தது. அதற்குப் பெயர் கொடுத்த லார்டு ரிப்பனின் பட்டத்தில் இருப்பது இந்த ஊர்தான். 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய். உள்ளூர் மக்களே உள்ளூர்க் காரியங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று 1882-ல் தீர்மானம் போட்ட மனிதர். அவர் கண்ணை மூடியதும், அடக்கமானதும் ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தன்னுடைய ஸ்டட்லி ராயல் பண்ணையில்.

அந்த ஸ்டட்லி ராயலில்தான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற தண்ணீர்த் தோட்டம் இருக்கிறது. 1986-லிருந்து அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தோட்டம் பிறந்த கதையைக் கேட்டால், ஏதோ நம் ஊர் பைனான்ஸ் கம்பெனி கதை மாதிரியே இருக்கும். ஜான் ஐஸ்லபி என்பவர் 1718-ல் பிரிட்டனின் நிதியமைச்சர். சவுத் ஸீ கம்பெனி என்று ஒரு கம்பெனி, ஊரையே ஷேர் வாங்க வைத்தது. ஐஸ்லபி அதற்குத் துணை போனார். 1720-ல் ஷேர் விலை பலூன் மாதிரி ஏறி, பலூன் மாதிரியே வெடித்தது. ஆயிரக்கணக்கான பேருக்குப் பணம் போச்சு. 1721-ல் பார்லிமெண்ட் இவரைக் குற்றவாளி என்று சொல்லி, வெளியேற்றி, லண்டன் டவரில் அடைத்தது. வெளியே வந்தவர் அரசியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு யார்க்ஷயருக்குத் திரும்பினார். 1742-ல் சாகிற வரைக்கும் தோட்டம்தான்.

ஊரார் பணத்தில் விளையாடியவர் பிற்பாடு ஆற்றுத் தண்ணீரில் விளையாடினார். ஸ்கெல் என்கிற சின்ன ஆறு அந்தப் பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோட்டில் ஓடவிட்டார். பக்கத்தில் வட்டமாக ஒரு குளம், அதற்கு இரண்டு பக்கமும் பிறை வடிவத்தில் இரண்டு குளங்கள். நிலாக் குளங்கள் என்று பெயர். எதிரே ஒரு கிரேக்கக் கோயில். காற்று அடிக்காத நாளில் கோயில் அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். கடைசியில் ஆறு ஒரு சின்ன அருவியாகக் குதித்து ஏரியில் விழும்.

பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கவேண்டியதுதான். அழகு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால், இந்த அழகின் சூட்சுமம் என்ன தெரியுமா? மறைப்பது. தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்பது தெரியக்கூடாது. மதகு தெரியக்கூடாது. தரைக்கடியில் போகிற வடிகால் தெரியக்கூடாது. கரை உடையாமல் இருக்க அடித்து இறுக்கிய களிமண் தெரியக்கூடாது. இதெல்லாம் என்னவோ தானாக நடக்கிற மாதிரி இருக்கவேண்டும். குழாயை மறைத்த கலை, அந்தக் குழாயை அடைப்பெடுக்கிற ஆளையும் சேர்த்தே மறைத்துவிட்டது. என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு தோட்டத்தைப் பற்றிக் கதை ஒன்று சொல்வார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே பெயின்ஸ்ஹில். 1738-ல் சார்லஸ் ஹாமில்டன் உருவாக்க ஆரம்பித்த தோட்டம். கடனில் மூழ்கி 1773-ல் அவர் அதை விற்றார். தோட்டத்தில் ஒரு சாமியார் இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியதாம். ஏழு வருஷம் குடிசையில் இருக்கவேண்டும், முடி வெட்டக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. முடித்தால் 700 கினி. வந்த ஆள் மூன்றே வாரத்தில் ஓட்டம் என்பது கதை. அது கதையோ நிஜமோ, ஒன்று புரிகிறது. கண்ணில் படுகிற சும்மா இருத்தலுக்குச் சம்பளம் பேசத் தயார். கண்ணில் படாத வேலைக்கு?

* * *

சரி, அந்தக் கண்ணில் படாத வேலைதான் என்ன என்று பார்ப்போம்.

குளம் என்பது கட்டடம் மாதிரி கட்டி முடித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. அது ஒரு ரன்னிங் அக்கவுன்ட். தினமும் வரவு உண்டு. மழை பெய்தால் மண் வரும். இலையுதிர் காலத்தில் மரங்கள் மொத்த இலையையும் கொட்டும். இலை அழுகிச் சேறாகும். சேறு ஏற ஏறத் தண்ணீரின் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் வெயில் அடிவரைக்கும் போய்ப் பாசியும் களையும் கிளம்பும். அது செத்து மேலும் சேறு. வட்டிக்கு வட்டி!

ஆகவே குளத்துக்கு மேல்புறம் ஒரு தொட்டி கட்டி, வண்டலை அங்கேயே தங்கவைப்பார்கள். அந்தத் தொட்டியை அவ்வப்போது காலி செய்யவேண்டும். வடிகால் வாயில் கம்பி போட்டிருக்கும். இலை அடைத்தால் எடுக்கவேண்டும். விட்டால் ஒரே மழையில் தண்ணீர் கரைமேல் வழியும். வழிகிற தண்ணீர் கரையை அரிக்கும். கரையில் மரம் முளைக்கவிடக்கூடாது. வேர் களிமண்ணைப் பிளந்துவிடும். குளத்தை ரொம்ப நாள் காயவும் விடக்கூடாது. களிமண் வெடித்துவிட்டால் அப்புறம் தண்ணீர் நிற்காது.

தூர் வாருவதற்கும் நேரம் காலம் உண்டு. அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நியூட் என்கிற பல்லி மாதிரிப் பிராணி குளத்தில் முட்டையிடும். அதன் சீசனில் கை வைக்கக்கூடாது. மொத்தக் குளத்தையும் ஒரே வருஷத்தில் வாரக்கூடாது; பகுதி பகுதியாகத்தான். அள்ளிய சேற்றைக் கரையிலேயே ஒன்றிரண்டு நாள் போட்டு வைப்பார்கள், உள்ளே இருக்கிற பூச்சி புழுவெல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் போய்ச்சேரட்டும் என்று. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் கையுறை கட்டாயம். எத்தனை விஷயம் பாருங்கள்! சேறு அள்ளுவது ஒன்றும் தெரியாதவன் செய்கிற வேலை என்று யார் சொன்னது?

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1839-ல், அழகாக இருக்கிறதே என்று இமயமலையிலிருந்து ஒரு பூச்செடியைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்தார்கள் இங்கிலாந்துக்காரர்கள். நம் காசித்தும்பைக்கு உறவு. அது தோட்டத்து வேலியைத் தாண்டி ஆற்றங்கரைகளைப் பிடித்துவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஒரு செடியில் 800 விதை வரை. காய் வெடித்தால் விதை ஏழு மீட்டர் தூரம்கூடப் பறக்கும். மற்ற செடிகளை வளரவிடாமல் நிழல் போட்டுவிட்டு, குளிர்காலத்தில் தானும் செத்துப்போகும். அப்புறம் கரை மொட்டை. மொட்டைக் கரையிலிருந்து மண் சரிந்து ஆற்றுக்குள். இதை ஒழிக்க நம்பகமான ஒரு வழி, காய் வெடிப்பதற்கு முன்னால் ஆள் ஆளாக இறங்கிக் கையால் பிடுங்குவது. வருஷா வருஷம் பிடுங்குவது. வேர் மேலாகத்தான் இருக்கும், சின்னப் பிள்ளைகூட இழுத்துவிடலாம். வாலன்டியர்களுக்காகவே பிறந்த வேலை!

ஸ்டட்லி ராயலுக்கு வருவோம். 2007-ல் ஸ்கெல் ஆற்றில் வெள்ளம். தோட்டம், பக்கத்தில் இருக்கும் பழைய மடாலயத்தின் இடிபாடு, கீழே ரிப்பன் ஊர் என எல்லாம் அடி வாங்கியது. வெள்ளம் வராத வருஷங்களிலும் வண்டல் வந்து குளங்களில் சேர்ந்துகொண்டே இருந்தது. வாரினார்கள். திரும்ப வந்தது. வாரினார்கள். திரும்ப வந்தது. கடைசியில்தான் தலையை நிமிர்த்தி ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்தார்கள். குளத்தின் வியாதி குளத்தில் இல்லை. மேலே பன்னிரண்டு மைல் பள்ளத்தாக்கில், வயலிலிருந்தும் கரையிலிருந்தும் மண் கரைகிறது. தோட்டத்துக்கு வேலி உண்டு. தண்ணீருக்கு ஏது வேலி?

எனவே 2020-களின் தொடக்கத்தில் சுமார் 25 லட்சம் பவுண்டில் பள்ளத்தாக்கு முழுவதற்குமாக ஒரு திட்டம் போட்டார்கள். மரம் நடுவது, ஓடைகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டுத் தண்ணீரை மெதுவாக்குவது, புதுக் குட்டைகள் வெட்டுவது. விவசாயிகளும் சேர்ந்தார்கள், வாலன்டியர்களும் சேர்ந்தார்கள். புத்திசாலித்தனமான காரியம். அதைப் பாராட்டாமல் விட்டால் நான் விமரிசனம் எழுதவே லாயக்கில்லாதவன்.

* * *

இப்போது என்னுடைய பி.காம். புத்தி வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

இந்த வாலன்டியரின் ஒரு நாள் உழைப்பு, கணக்குப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது?

நண்பனிடமே கேட்டேன். சிரித்தான். “எங்கேயும் இல்லடா. பிரிட்டன்ல தர்ம ஸ்தாபனங்களுக்குன்னு தனியா கணக்கு விதி இருக்கு. பொதுவான வாலன்டியர் உழைப்பை வருமானமா காட்டக்கூடாது. சரியா அளக்க முடியாதுங்கறது காரணம். ஆண்டறிக்கையில அவங்களைப் பத்தி விவரமா எழுதலாம், நன்றி சொல்லலாம். நம்பர் போடக்கூடாது.”

விதியில் தப்பு சொல்ல முடியாது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மதிப்புப் போட்டால் அப்புறம் பேலன்ஸ் ஷீட் சினிமா போஸ்டர் ஆகிவிடும்.

ஆனால், இதே நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. லாட்டரிப் பணத்திலிருந்து பழைய கட்டடங்களுக்கும் தோட்டங்களுக்கும் நிதி கொடுக்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் விண்ணப்பம் போடும்போது வாலன்டியர் உழைப்பை நம் தரப்புப் பங்காகக் காட்டலாம். வெகுகாலம் அதற்கு ஒரு ரேட் கார்டே வைத்திருந்தார்கள். சாதாரண வேலைக்கு நாளொன்றுக்கு 50 பவுண்டு, தொழில் தெரிந்த வேலைக்கு 150, வக்கீல் ஆடிட்டர் மாதிரி ஆசாமிகளுக்கு 350.

ஆக, நிதி கேட்கும்போது என் நண்பனின் முதுகுவலிக்கு 50 பவுண்டு. கணக்கை முடிக்கும்போது பூஜ்யம். ஒரே முதுகு, ஒரே வலி! அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதியிருந்தால் 350. கணக்கு எழுதுகிறவர்களே ரேட் கார்டும் எழுதினால் இப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் காமர்ஸ் வாத்தியார் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது: மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. புதுசாகக் கட்டுவது மூலதனம். கட்டியதைப் பராமரிப்பது வருவாய்ச் செலவு. முன்னதற்கு ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டு வைக்கலாம், நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். பின்னதற்கு? “இந்த வடிகாலில் இலை எடுக்க உதவியவர்” என்று யாராவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆகவே கட்டுவதற்குப் பணம் வருகிறது, காப்பாற்றுவதற்கு வாலன்டியர் வருகிறார். உலகம் பூராவும் இதே கதை.

ஸ்டட்லி ராயலுக்குப் பக்கத்தில் அந்த மடாலயம் இருக்கிறது என்றேனே, ஃபவுன்டன்ஸ், 1132-ல் தொடங்கியது. அங்கேயும் இதுதான் ஏற்பாடு. துறவிகளில் இரண்டு வகை. ஒரு வகை பிரார்த்தனை பண்ணும். இன்னொரு வகை வயலிலும் பட்டறையிலும் உடம்பால் உழைக்கும். இந்த உழைப்புத் துறவிகளுக்கும் சம்பளம் இல்லை, புண்ணியம் மட்டும். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட 300 அடி நீள மண்டபத்தில்தான் இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் கூட்டம் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

* * *

“சும்மா நொட்டை சொல்லாதடா” என்றான் நண்பன். “என்னை யாரும் கட்டாயப்படுத்தலை. வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ந்து செத்துப்போறேன். அங்க போனா நாலு பேரோட பேசறேன். ரிட்டயர் ஆனவங்க, பொண்டாட்டிய பறிகொடுத்தவங்க, வேலை போனவங்க எல்லாம் வர்றாங்க. சேத்துல நின்னாத்தான் சிலபேருக்கு மனசு லேசாகுது. அதுக்கு என்ன ரேட்டு போடுவே?”

ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ரேட் கிடையாது. வாலன்டியரின் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை நம்பி, சம்பளக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபத்தைச் சொல்கிறேன்.

ஸ்டட்லி ராயல் 1983-லிருந்து நேஷனல் டிரஸ்ட்டின் கையில் இருக்கிறது. 1895-ல் தொடங்கிய பெரிய தர்ம ஸ்தாபனம். பல்லாயிரக்கணக்கான வாலன்டியர்கள். 2020-ல் கொரோனாவால் தோட்டமெல்லாம் மூடிக் கிடந்தபோது அந்த ஸ்தாபனம் சுமார் 1,300 வேலைகளைக் குறைத்தது. 2025-ல், சம்பளச் செலவும் அதன்மேல் வரியும் ஏறிவிட்டது என்று சொல்லி மேலும் 550 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கையில் காசு இல்லாதபோது யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள் என்பீர்கள். இருக்கலாம். ஆனால், வேலை குறைந்ததே தவிர குளத்தில் விழுகிற இலை குறையவில்லை. இலைக்கு ஆட்குறைப்பு தெரியாது.

சம்பளக்காரர் இடத்தில் வாலன்டியரை உட்கார வைக்கக்கூடாது என்று அங்கே தொழிற்சங்கங்களும் வாலன்டியர் அமைப்பும் சேர்ந்து 2009-லேயே சாசனம் எழுதியிருக்கின்றன. எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. யாரும் ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார வைப்பதில்லை. நாற்காலியைக் காலியாக விடுகிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் நல்ல மனசுக்காரர் யாராவது தானே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

நண்பன் போகிற தோட்டத்திலேயே (அது வேறு தோட்டம், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்) நடந்ததைச் சொல்கிறேன். முப்பது வருஷம் அங்கே ஒரு தோட்டக்காரர் இருந்தார். குளத்திலிருந்து வழிகிற தண்ணீர் புல்வெளிக்கு அடியில் செங்கல் வடிகால் வழியாக ஓடைக்குப் போகும். அந்த வடிகால் எங்கே வளைகிறது, எங்கே சரிந்திருக்கிறது, எந்தக் கல்லைத் தூக்கினால் உள்ளே கை விடலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. காகிதத்தில் ஒன்றும் கிடையாது. அவர் ரிட்டயர் ஆனார். பிரிவுபசாரம் நடந்தது, கேக் வெட்டினார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அதான் வாலன்டியர்கள் இருக்கிறார்களே!

இரண்டாவது குளிர்காலத்தில் புல்வெளி சதுப்பு நிலம் ஆயிற்று. கால் வைத்தால் முழங்கால் வரை போகிறது. எங்கேயோ அடைப்பு. வாலன்டியர்கள் சளைக்காமல் ஐந்து இடத்தில் தோண்டினார்கள். வடிகால் அகப்படவில்லை. பழைய புல்வெளி குண்டும் குழியுமானதுதான் மிச்சம்.

“அப்புறம் என்னடா பண்ணீங்க?”

“அந்தப் பெரியவருக்கே போன் போட்டோம். கைத்தடி ஊணிட்டு வந்தார். ஒரு மரத்துக்கிட்ட போய் நின்னார். தடியால ஒரு தட்டு தட்டி, ‘இங்க’ன்னார். தோண்டினோம். ரெண்டடியில வடிகால். அன்னிக்கு அவருக்கு நாங்க குடுத்தது ரெண்டு கப் டீ. அதே ரேட்டு.”

இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு தட்டுக்கு என்ன விலை? முப்பது வருஷம் சம்பளம் கொடுத்துச் சேர்த்த சொத்து அது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாத சொத்து. அதைத்தான் ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் ரைட் ஆஃப் செய்தார்கள். வாலன்டியர்கள் எத்தனை பேர் வந்தாலும் ஒரு நாளைக்கு நாற்பது கைகளைக் கொண்டுவர முடியும். முப்பது வருஷத்தைக் கொண்டுவர முடியாது.

இது புரிந்துதானோ என்னவோ, அணை விஷயத்தில் பிரிட்டிஷ் சட்டம் தெளிவாக இருக்கிறது. தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் தண்ணீர் தேக்குகிற நீர்நிலையைக் குறைந்தது பத்து வருஷத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள இன்ஜினீயர் பார்க்கவேண்டும் என்றது 1975-ல் வந்த சட்டம். தோட்டத்து ஏரியானாலும் சரி, விலக்கு வைக்கவில்லை. கரை உடைந்தால் ஊர் போகும் என்ற பயம். பயம் இருக்கிற இடத்தில் சம்பளம் இருக்கிறது. அழகு மட்டும் இருக்கிற இடத்தில் டீ.

* * *

சம்பளமில்லாத உழைப்பை நம்பி ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. குடிமராமத்து. ஏரியையும் வாய்க்காலையும் ஊர் ஜனங்களே சேர்ந்து செப்பனிட்ட வழக்கம். ஊருக்கு ஏரியின் மேல் உரிமை இருந்த வரைக்கும் அது ஊரின் காரியம். வெள்ளைக்காரன் வந்து நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். உழைப்பு மட்டும் பழையபடியே வரவேண்டும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால், தொண்டுக்குப் பெயர் வேறு.

ஸ்டட்லி ராயல் வாலன்டியரை யாரும் சட்டம் போட்டு இழுக்கவில்லை. அந்த வித்தியாசம் பெரிசுதான். ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேதான்: சேறு அள்ளுகிறவருக்கு, குளத்தைப் பற்றிய முடிவில் பங்கு உண்டா?

என்னைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதலில், ஒவ்வொரு தோட்டத்திலும் தண்ணீர் விஷயம் தெரிந்த ஒருவர் சம்பளத்தில் இருக்கட்டும். அந்த நாற்காலி காலியாகக்கூடாது. வாலன்டியர்கள் அவரோடு நிற்கட்டும், அவருக்குப் பதிலாக வேண்டாம். இரண்டாவது, வடிகால் எங்கே போகிறது என்பதைக் காகிதத்தில் வரைந்து வையுங்கள், அது தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே. மூன்றாவது, பேலன்ஸ் ஷீட்டில் இடமில்லை என்றால் போகிறது, டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். இந்த மாதம் அள்ளிய சேறு இத்தனை வண்டி, அள்ளியவர்கள் இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். நிலாக் குளத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வருகிறவன், முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும். குளத்தின் அழகு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கென்னவோ, கூடும் என்றுதான் படுகிறது.

போனை வைக்கிற நேரத்தில் நண்பன் கேட்டான். “அடுத்த வாரம் அந்தப் பெரியவர் திரும்ப வர்றார்டா. கூடவே நடந்து, அவர் சொல்றதையெல்லாம் வரைஞ்சு வச்சுக்கலாம்னு இருக்கோம். பெரிய ஷீட்டா ஒண்ணு வாங்கணும். காமர்ஸ் படிச்சவனுக்கு டிராயிங் எங்கடா வரும்?”

“லெட்ஜர் ஷீட்ல போடுடா. கோடாவது நேரா வரும்” என்றேன்.

சொன்னபடியே செய்தானாம். முதல் தடவையாக, சேறு ஒரு கணக்குத் தாளில் ஏறியிருக்கிறது.